கிரய நாளில் நேரும் தாமதம்: முன்னேற்பாடும் பரிகாரமும்

வீடு வாங்குதலும் விற்றலும் நம் அங்கத்தினரில் பெரும்பாலோருக்கு ஆயுளில் ஓரிரு முறையே நேரும் காரியங்கள். பாவு ஓட்டுவதிலும், எலுமிச்சைக்குப் பாத்தி கட்டுவதிலும் நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. அன்றாடம் செய்து கை பழகிய தொழில்கள் அவை. கிரய விஷயத்தில் அத்தகைய பழக்கம் நமக்கு இல்லை. ஆகையால், விலை பேசி, அச்சாரம் கொடுத்து, நாளும் குறித்த பிறகு, கடைசி வேளையில் ஒரு தடை வந்து காரியம் நின்றுவிடுமானால் செய்வதறியாது திகைக்கிறோம். வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்குகின்றனர். ஒரு வாரத்தில் தீரக்கூடிய தாமதம் பல ஆண்டு வழக்காக வளர்வது இவ்விடத்திலிருந்துதான்.

இத்தாமதங்கள் எவ்வாறு நேருகின்றன, அவற்றுள் எவற்றை முன்கூட்டியே தவிர்க்கலாம், தவிர்க்க இயலாதவை வந்தால் நஷ்டமின்றி எவ்வாறு கடக்கலாம் என்பவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

நாள் தவறினால் நேரும் நஷ்டம்

மலையடிவாரத்துப் புளியங்குடியில் நெசவாளரின் வீடு குடியிருக்கும் இடம் மட்டுமன்று, தொழிற்கூடமும் அதுவே. குழித்தறி உள்ள வீட்டை விற்பவர், தறியில் ஏறியிருக்கும் பாவை நெய்து முடித்து அறுத்த பின்னரே தறியைப் பிரிக்க இயலும். புதிய வீட்டில் குழி வெட்டித் தறியை நாட்டிச் சரிப்படுத்திய பின்னரே அடுத்த பாவு ஏறும். குறித்த நாளை நம்பித் தறியைப் பிரித்து வைத்த பிறகு கிரயம் இரண்டு வாரம் தள்ளிப்போனால், அவ்விரண்டு வாரமும் அக்குடும்பத்திற்குக் கூலி இல்லை.

எலுமிச்சை பயிரிடுவோரின் நிலை வேறு. கோடையில் காய்க்கு விலை ஏறும். வரத்து மிகுந்த மாதங்களில் விலை இறங்கும். கோடைக் காய் விற்ற பணத்தை நம்பி வீடு பேசியவர், கிரயம் மழைக்காலத்திற்குத் தள்ளிப்போனால், அப்பணத்தை உரத்துக்கும் ஆட்கூலிக்கும் எடுத்துச் செலவிட நேரும். பின்பு கிரயம் கூடிவரும் நாளில் பணம் குறைந்திருக்கும்.

இவற்றினும் கடினமானது, ஒரு வீட்டை விற்று அப்பணத்தில் வேறு வீடு வாங்குவோரின் நிலை. உதாரணமாக, ஒருவர் தம் வீட்டை ரூ.12 லட்சத்திற்கு விற்க ஒப்புக்கொண்டு, ரூ.15 லட்சம் பெறும் வேறு வீட்டிற்கு ரூ.1,50,000 அச்சாரம் கொடுத்திருக்கிறார் என்று கொள்வோம். இவர் வீட்டை வாங்குபவர் நாள் தவறினால், இவரும் தாம் வாங்கும் இடத்தில் நாள் தவறியவராகிறார். பிறர் செய்த தாமதத்திற்கு இவருடைய அச்சாரம் பொறுப்பாகிறது. இங்கிலாந்தில் இவ்வாறு ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட கிரயங்களைச் 'சங்கிலி' என்றே அழைக்கின்றனர். ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் நின்றுவிடும். நம் ஊரிலும் சங்கிலி உண்டு. அதற்குப் பெயர் மட்டும் இல்லை.

தாமதம் வரும் வழிகள்

கடைசி நாளில் தெரியவரும் தாமதங்களில் பெரும்பாலானவை கடைசி நாளில் பிறந்தவை அல்ல. அவை நான்கு வழிகளில் வருகின்றன.

முதலாவது, ஆட்கள். வீடு தந்தையின் பெயரில் இருந்து அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்திடுவது போதாது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தந்தையின் தனிச் சொத்தில் மனைவிக்கும், தாய்க்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில், 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் பெண்மக்களுக்கும் சம உரிமை அளிக்கப்பட்டது. அந்நாளுக்கு முன் மணமானவருக்கு இருந்த விலக்கை 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நீக்கியது. அச்சட்டம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இஸ்லாமிய அங்கத்தினர் குடும்பங்களிலும் அவர்தம் சட்டப்படி பெண்மக்களுக்குப் பங்கு உண்டு. ஆகவே, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட சகோதரியைக் கிரயத்திற்கு முந்திய நாள் கூப்பிடுவது முறையன்று. விலை பேசும் முன்பே அவரைக் கலந்து கொள்ள வேண்டும். மைனர் ஒருவருக்குத் தனிப் பங்கு இருந்தால் அதை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும்; அது மாதக்கணக்கில் ஆகும் காரியம்.

இரண்டாவது, பத்திரங்கள். மூலப்பத்திரத்தின் அசல் எங்கே இருக்கிறது என்பதை முதலில் காண வேண்டும். அது வங்கியில் அடமானம் இருந்தால், கடன் தீர்ந்த பின்னர் பத்திரம் கைக்கு வரவும், அடமானம் தீர்ந்ததற்கான ரசீது பதிவாகவும் நாள் பிடிக்கும். பத்திரம் காணாமற் போயிருந்தால் காவல் நிலையத்தில் புகார், பத்திரிகை அறிவிப்பு, கண்டறிய இயலவில்லை என்னும் சான்று எனப் பல வாரம் செல்லும். நாற்பது ஐம்பது ஆண்டுக்கு முந்திய பத்திரங்களில் நம் ஊர் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்றுதான் தோன்றியது. வீட்டு எண்ணும், எல்லை சொல்லப்பட்ட அண்டை வீட்டாரின் பெயரும் மாறியிருக்கும். பழைய விவரத்தையும் இன்றைய விவரத்தையும் இணைத்து எழுதினால் குழப்பம் நீங்கும்.

வில்லங்கச் சான்றில் பலரும் கவனியாத ஒன்று உண்டு. முன்பு ஒருவருடன் செய்து கைவிடப்பட்ட கிரய உடன்படிக்கை பதிவாகியிருந்தால், அது ரத்துப் பத்திரம் பதிவாகும் வரை சான்றில் நிற்கும். அதைக் கண்டதும் புதிதாக வாங்குபவரும், அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் தயங்குவர். பழைய ஒப்பந்தக்காரரைத் தேடிப் பிடித்து ரத்துச் செய்யும் வேலையைக் கிரய வாரத்தில் வைத்துக்கொள்ளலாகாது.

மூன்றாவது, பணம். வாங்குபவர் வீட்டின் விலையை மட்டும் எண்ணி, பதிவுச் செலவை மறந்துவிடுவது வழக்கம். 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ரூ.15 லட்சத்திற்கு இது ரூ.1,35,000 ஆகும். அரசு வழிகாட்டி மதிப்பு பேசிய விலையினும் உயர்வாயின் செலவும் உயரும். ரூ.10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறையும் என்ற சலுகை 2025 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வங்கிக் கடனை நம்புவோர், வங்கி வழக்கறிஞரின் கருத்துரையும் மதிப்பீடும் முடிந்து கடன் ஆணை கைக்கு வரும் முன்னர் நாள் குறிப்பது தவறு.

நான்காவது, அலுவலகம். ஆடியிலும் மார்கழியிலும் கிரயத்தைத் தவிர்ப்பது நம் மக்கள் வழக்கம். அதனால் ஆனிக் கடைசியிலும், ஆவணியிலும், தையிலும் பதிவு அலுவலகங்களில் கூட்டம் நெரிகிறது. அண்மை ஆண்டுகளில் முகூர்த்த நாட்களில் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்திற்கு 100க்குப் பதில் 150 டோக்கன்களும், இருவர் உள்ள அலுவலகத்திற்கு 200க்குப் பதில் 300 டோக்கன்களும் வழங்கப் பதிவுத் துறை ஏற்பாடு செய்து வந்திருக்கிறது. 2018 பிப்ரவரி முதல் பதிவு முழுதும் கணினி வழியே நடைபெறுகிறது. ஆகவே இணைய இணைப்பு தடைப்பட்டால் வரிசையும் நிற்கும். இது வாங்குவோர் குற்றமும் அன்று; விற்போர் குற்றமும் அன்று.

தவணை பற்றிச் சட்டம் கூறுவது

"உடன்படிக்கை போட்டாயிற்று, மூன்று வருஷம் வரை கவலை இல்லை" என்று கூறுவாரை எங்கும் காணலாம். இது பெரும் பிழை. உடன்படிக்கையை நிறைவேற்றக் கோரி வழக்குத் தொடர 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டு தருகிறது என்பது உண்மை. ஆனால் மூன்று ஆண்டும் சும்மா இருக்கலாம் என்பது அதன் பொருள் அன்று.

இதற்கு மதுரை நகரத்து வீடு ஒன்று பற்றிய வழக்கே தக்க சான்று. 1978 டிசம்பரில் அவ்வீட்டை ரூ.60,000க்கு விற்க உடன்படிக்கை ஏற்பட்டது. அச்சாரம் ரூ.5,000. தவணை ஆறு மாதம். வாங்க இருந்தவர் தவணை கழிந்தும் நெடுங்காலம் வாளாவிருந்து, 1981 ஜூலையில்தான் நோட்டீஸ் விடுத்தார். விசாரணை நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1997இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வீட்டை அவருக்கு விற்கும்படி கட்டளையிட மறுத்துவிட்டது. அசையாச் சொத்துக் கிரயத்தில் குறித்த நாள் தவறியதாலேயே ஒப்பந்தம் தானாக முறிவதில்லை என்பது பழைய விதி. எனினும் தரப்பினர் எழுதிக்கொண்ட தவணையை நீதிமன்றம் ஒதுக்கிவிட முடியாது என்றும், நகரங்களில் சொத்து விலை விரைந்து ஏறும் காலத்தில் நீண்ட மௌனம் விற்பவருக்கு அநீதியாகும் என்றும் அத்தீர்ப்பு விளக்கிற்று. 1978இல் தொடங்கிய ஆறு மாதக் காரியம் 1997 வரை, பதினெட்டு ஆண்டுக்கு மேல், இரு குடும்பங்களையும் அலைக்கழித்தது என்பதை அங்கத்தினர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2018ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஒப்பந்தத்தை நிறைவேற்றச் செய்யும் பரிகாரம் முன்னினும் உறுதியாகியுள்ளது. ஆயினும் கேட்பவர் தாம் இடையறாது ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருந்ததைக் காட்டியாக வேண்டும். வங்கிக் கணக்கில் இருந்த பணமும், எழுதிய கடிதங்களும் இதற்குச் சாட்சி. வாய்ப்பேச்சு சாட்சி ஆகாது.

அச்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். அச்சாரமாகக் கொடுத்தது வேறு. விலையில் ஒரு பகுதியாகக் கொடுத்தது வேறு. வாங்குபவர் தவறினால் விற்பவர் பறிமுதல் செய்யத்தக்கது முன்னையதே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாக்கியது. ஆகவே எது அச்சாரம், எது விலைப்பகுதி என்று தனித்தனியே எழுதுக. ரூ.20,000 அல்லது அதற்கு மேற்பட்ட முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுத்துள்ளதால், வங்கி வழியே கொடுப்பதே முறை.

உடன்படிக்கையில் எழுத வேண்டியவை

தாமதத்தை முற்றிலும் ஒழிக்க எவராலும் இயலாது. ஆனால் தாமதம் வந்தால் என்ன செய்வது என்பதை, இருவரும் மனம் ஒத்திருக்கும் நாளிலேயே எழுதிக்கொள்ள இயலும். மனம் கசந்த பின் எழுத முடியாதது அது. பின்வருவன இன்றியமையாதவை எனக் கருதுகிறோம்.

முதலில், கிரய நாளைத் தேதியிட்டு எழுதி, அதன்மேல் பதினைந்து நாளோ முப்பது நாளோ கருணை நாட்களும் சேர்க்க வேண்டும். "கூடிய சீக்கிரம்" என்பது தேதி ஆகாது.

அடுத்து, எந்தப் பத்திரத்தை யார், எந்த நாளுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற பட்டியல் வேண்டும். அந்நாள் கிரய நாளுக்குக் குறைந்தது பதினைந்து நாள் முந்தியதாக இருத்தல் நலம். குறை தெரிந்தால் திருத்த அவகாசம் இருக்கும்.

மூன்றாவதாக, இருதரப்பாரின் குற்றமும் இல்லாத தடைகளைத் தனியே பிரித்து எழுத வேண்டும். அலுவலக விடுமுறை, இணையத் தடை, குடும்பத்தில் மரணம் முதலியவை நேர்ந்தால், தடை நீங்கிய அடுத்த வேலை நாளே கிரய நாள். எவருக்கும் நஷ்ட ஈடு இல்லை.

நான்காவதாக, ஒருவர் குற்றத்தால் நேரும் தாமதத்திற்கு ஈடு குறிக்க வேண்டும். இங்கிலாந்தில் வழங்கும் பொது நிபந்தனைகளின்படி, குறித்த நாளில் கிரயம் முடியாவிட்டால், ஆயத்தமாய் உள்ளவர் மற்றவருக்கு அறிவிப்பு விடுத்துப் பத்து வேலை நாள் தருவார். பிந்திய நாட்களுக்கு வட்டியும் உண்டு. அதன் பின்னரும் தவறினாலே ஒப்பந்தம் முறியும். ஒரு நாள் பிசகுக்காக எல்லாவற்றையும் இழக்காமலும், காலவரையின்றிக் காத்திராமலும் இருக்க இது நல்ல நடுவழி. நாமும் இதைப் பின்பற்றலாம்.

ஐந்தாவதாக, வீடு ஒப்படைக்கும் நாளைப் பற்றி எழுத வேண்டும். தறி உள்ள வீடாயின், பாவு முடிந்து தறி பிரிக்கக் கிரயத்திற்குப் பின் இத்தனை நாள் என்று குறித்து, அதுவரை விலையில் ஒரு சிறு தொகையை நிறுத்திவைக்க இருவரும் இசையலாம். விற்பவருக்குக் கூலி நஷ்டம் இல்லை. வாங்குபவருக்கு அச்சம் இல்லை. சங்கிலியில் அகப்பட்டவர் தாம் வாங்கும் வீட்டின் நாளை, விற்கும் வீட்டின் நாளுக்கு ஒரு மாதமேனும் பிந்தி அமைத்துக்கொள்வது அறிவுடைமை.

இவ்வாறு எழுதிய உடன்படிக்கையைப் பதிவு செய்தல் வேண்டும். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் இது கட்டாயம். தவணையை நீட்டினால் அதனையும் எழுத்தில் கொண்டுவந்து பதிவு செய்வதே பாதுகாப்பு.

தாமதம் நேர்ந்த அன்று

எல்லா ஏற்பாடும் செய்தும் நாள் தவறினால், முதற்கண் பதற்றம் கூடாது. பத்திரம் பதிவாகாமல் முழுப் பணத்தையும் கொடுத்தலும் கூடாது. சாவியைக் கொடுத்தலும் கூடாது. "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று நல்லெண்ணத்தால் விட்ட இடத்திலேதான் பின்னர் மனக்கசப்பு முளைக்கிறது.

கையெழுத்திட்ட பத்திரம் அன்றே பதிவாகாவிடில் வீணாயிற்று என்று எண்ண வேண்டாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, எழுதிக் கொடுத்த நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அபராதத்துடன் மேலும் நான்கு மாதம் வரை இடமுண்டு. அபராதம் பதிவுக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரை செல்லக்கூடும். பதிவான பின்னர் அப்பத்திரம் எழுதிக் கொடுத்த நாள் முதலே செல்லும். ஆதலால், முகூர்த்த நாளில் கையெழுத்தாகி, கூட்டத்தால் மறுநாள் பதிவானாலும் முகூர்த்தம் தவறியதாகாது. இதை அறிந்தால் பலருடைய மனக்கலக்கம் நீங்கும்.

முதியவரோ நோயாளியோ அலுவலகத்திற்கு வர இயலாவிடில், பதிவு அலுவலரை வீட்டிற்கே வரவழைத்துப் பதிவு செய்யவும் சட்டம் வகை செய்கிறது. வெளிநாட்டில் உள்ளவர் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் முத்திரையிடப்பட வேண்டும். அதிகாரம் அளித்தவர் காலமானால் அவ்வதிகாரமும் முடிந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

சார்பதிவாளர் பதிவு செய்ய மறுத்தால், காரணம் கூறும் ஆணையை எழுத்தில் பெற வேண்டும். அதன்மீது முப்பது நாளுக்குள் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழி மறுப்பைக் கேட்டுத் திரும்பி வருவதால் பயனில்லை.

பணம் பற்றிய தடைகள் இக்காலத்தில் ஓரளவு குறைந்துள்ளன. பெருந்தொகையை வங்கி வழியே அனுப்பும் வசதி 2020 டிசம்பர் முதல் விடுமுறை நாளிலும் இரவிலும் இயங்குகிறது. வரைவோலை எடுத்திருந்தால் அது மூன்று மாதம் செல்லும். நாள் ஒரு வாரம் தள்ளியதும் ஓடிச்சென்று ரத்துச் செய்ய வேண்டுவதில்லை.

அன்றைய தினமே இருதரப்பாரும் ஒரு தாளில் என்ன தடை, யாரால், அடுத்த நாள் எது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். புதிய நாளில் பதிவுக்குச் செல்லும் முன் வில்லங்கச் சான்றை மறுபடியும் பார்க்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் வீட்டைச் செவ்வனே காப்பதும், அந்நாள் வரையுள்ள வீட்டுவரி முதலியவற்றைக் கட்டுவதும் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி விற்பவர் கடமை.

சங்கங்கள் செய்யத்தக்கது

கடன் தீர்ந்தும் பத்திரம் கைக்கு வராமையால் நின்ற கிரயங்கள் எத்தனையோ. இதை உணர்ந்து ரிசர்வ் வங்கி ஓர் ஆணை பிறப்பித்தது. 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் தீர்ந்த முப்பது நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 ஈடு தர வேண்டும். நகரக் கூட்டுறவு வங்கிகளும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் இதற்கு உட்பட்டவை. ஈட்டின் பேரில் கடன் கொடுக்கும் நம் தொடக்கச் சங்கங்களும் அதே முப்பது நாளைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளலாம். பத்திரக் கட்டைப் புரட்டித் தேடும் எழுத்தருக்கு அது ஒரு நாள் வேலை. விற்கக் காத்திருக்கும் அங்கத்தினருக்கோ அது ஓர் ஆண்டின் வாழ்வு.

அங்கத்தினரும் தம் கடமையை மறத்தலாகாது. வீடு விற்கும் எண்ணம் எழுந்த அன்றே அசல் பத்திரத்தையும், பட்டாவையும், வில்லங்கச் சான்றையும் எடுத்து வைத்துப் பார்ப்பீர்களாக. பங்குடையோர் அனைவரையும் கலந்து பேசுவீர்களாக. பாவு முடியும் நாளையும் காய் விற்கும் நாளையும் எண்ணியே கிரய நாளைக் குறிப்பீர்களாக. தாமதத்திற்கு இடம் வைத்து எழுதிய உடன்படிக்கை, தாமதம் வந்த பின்னும் இருவரையும் அண்டை வீட்டாராகவே வைத்திருக்கும்.